தூத்துக்குடிப் பட்டணத்துக் கடைகளும் வங்கிகளும் தொழில்மக்களும்

தூத்துக்குடி, மன்னார்க் குடாக்கடலின் மேற்குக் கரையில், பழைய திருநெல்வேலி ஜில்லாவின் துறைமுகமாக விளங்கிய பட்டணம். 1901-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இதில் வாழ்ந்தோர் 28,048 பேரே. எனினும் கரிசல் நாட்டுப் பருத்தியும், பனங்காட்டுக் கருப்பட்டியும், அளத்து உப்பும், கடலடிச் சங்கும் ஒருங்கே வந்து குவிந்து அயல்நாடு சென்றமையால், மக்கள்தொகையில் தன்னினும் பெரிய உள்நாட்டு நகரங்கள் பல காணாத வியாபாரப் பெருக்கத்தை இப்பட்டணம் கண்டது. அங்கே 1900 முதல் 1940 வரையுள்ள காலத்தில் கடைத்தெருவிலும், வங்கியிலும், துறையிலும் தொழில் நடத்தியவர்களின் வரலாறு இங்கே கூறப்படுகிறது.

இவ்வரலாற்றுக்குத் திறவுகோல் கடலின் ஆழமின்மையே. முயல்தீவு முதலிய திட்டுகள் அலையைத் தடுத்து நின்றதனால் துறை அமைதியாக இருந்தது. ஆனால் கரையை ஒட்டி நீர் மிக ஆழமற்றுக் கிடந்ததனால், நீராவிக் கப்பல் எதுவும் கரையை அணுக மாட்டாமல் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க வேண்டியிருந்தது. ஆகவே ஏற்றுமதியாகும் ஒவ்வொரு பஞ்சுப் பொதியும், இறக்குமதியாகும் ஒவ்வொரு மூட்டையும் தோணியில் ஏறி இறங்கியே தீரவேண்டும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே கிடந்த அந்தச் சில மைல் கடலே ஊரின் பெரும் பகுதிக்குச் சோறிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. தோணிக்கு உடையவர், காற்றையும் நீரோட்டத்தையும் கணித்து அதனைச் செலுத்தும் தண்டல், அவர் கீழ்ப் பணிபுரியும் கடலோடிகள், சுமை தூக்குவோர், சரக்கை எண்ணிக் குறிக்கும் கணக்கப்பிள்ளைமார், தோணி கட்டும் தச்சர், பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிப்போர், பாய் தைப்போர், கயிறு திரிப்போர் என்று ஒன்றையொன்று பற்றிய தொழில்கள் அதனால் பிழைத்தன. துறைமுகம் இயற்கையாலேயே ஆழமாக அமைந்திருந்தால் இவர்களுட் பலருக்கு இவ்வூரில் வேலையே இருந்திராது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரும், 1658 முதல் ஒல்லாந்தரும் இங்கே ஆதிக்கம் செலுத்த, 1825-இல் ஊர் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இவ்வரலாற்றின் சுவடு கோட்டைகளிற் காட்டிலும் கடைக்காரரின் நாவில்தான் அதிகம் எஞ்சியது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காலையில் கடையைத் திறக்கும் சாவி, சரக்கை அடுக்கும் அலமாரி, கணக்கு எழுதும் மேசை, சங்கையும் முத்துச்சிப்பியையும் விற்கும் ஏலம் ஆகிய நான்கும் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்களே. நாடெங்கும் வழங்கும் அச்சொற்களை இக்கரையோரத்தில் உள்ளவர்கள் விருந்தாளிகளாகக் கருதாமல் வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்த்தனர்.

1876-ஆம் ஆண்டு இருப்புப்பாதை ஊரை எட்டியபின் வியாபாரத்தின் நடை மாறிற்று. கரிசல் கிராமங்களிலிருந்து மாட்டுவண்டித் தொடராக வந்த பருத்தியோடு ரெயில் வண்டியில் வந்த பருத்தியும் சேர, கிரேட் காட்டன் ரோடு என்று பெயர் பெற்ற வீதியை ஒட்டிப் பஞ்சு அழுத்தும் யந்திரசாலைகளும் கிட்டங்கிகளும் எழுந்தன. பண்டகசாலையைக் குறிக்கும் கிட்டங்கி என்னும் சொல், தூத்துக்குடியாரும் யாழ்ப்பாணத்தாரும் ஒருங்கே வழங்குவது. இரு கரைகளுக்கும் இடையே இருந்த போக்குவரத்துக்கு அதுவே தக்க சான்று. ரல்லி, வால்கார்ட் முதலிய ஐரோப்பிய ஏற்றுமதி நிறுவனங்கள் இங்கே அலுவலகம் வைத்திருந்தன. ஹார்வி சகோதரர்கள் 1888-இல் நிறுவிய கோரல் ஆலை, பஞ்சு வியாபாரத்தோடு நூல் நூற்கும் தொழிலையும் ஊருக்குள் கொணர்ந்தது. ஆலைச் சங்கொலியைக் கொண்டே பொழுதறிந்து கடை திறக்கும் வழக்கம் அதன் சுற்றுவட்டாரத்தில் உண்டாயிற்று.

கடைத்தெருவை நோக்கினால், சமூகம் தோறும் தனித்தனித் துறை அமைந்திருந்ததைக் காணலாம். பரதவ குலத்துக் கத்தோலிக்கர் தோணிச் சொந்தக்காரராகவும், கப்பல்களுக்கு வேண்டும் பண்டங்களைச் சேகரித்துக் கொடுப்போராகவும், கொழும்போடு ஏற்றுமதி நடத்துவோராகவும் செழித்தனர். காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர் இலங்கையோடு தலைமுறை தலைமுறையாகப் பூண்ட உறவால் இரத்தினமும் பிறவும் விற்றனர். நாடார் சமூகத்தாரின் வளர்ச்சியோ தனியே சொல்லத் தக்கது. முன்னர் உப்பும் கருப்பட்டியும் கருவாடும் வண்டியிலும் பொதிமாட்டிலும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று விற்ற அவர்கள், வழியிடையே சரக்கும் மாடும் தங்குவதற்குப் பேட்டைகள் அமைத்து, அங்கே விற்பனையாகும் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அப்பொதுப்பணத்தால் கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டனர். நடைவியாபாரி பலசரக்குக் கடைக்காரராகி, பலசரக்குக் கடைக்காரர் மண்டி முதலாளியாகிய இம்மாற்றம், யாரும் தானமாகத் தந்ததன்று. மூட்டைக்கு மூட்டை சேர்த்த சில்லறையால் விளைந்தது. உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, விருதுநகர்ச் சந்தை வழியாக வரும் மிளகாய், வெங்காயம், பருப்பு ஆகியவை இக்கடைகளின் வழியே கொழும்புத் தோணிகளில் ஏறின. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அங்கும் தங்கள் ஊர்ச் சமையலையே சமைத்தமையால், அச்சரக்குக்கு என்றும் கிராக்கி குறையவில்லை.

சங்கு வியாபாரம் இவற்றினின்றும் வேறுபட்டது. சங்கு எடுக்கும் உரிமை அக்காலத்தில் அரசாங்கத்துக்கே உரியதாயிருந்தது. சங்குக்குளிகாரர் ஒரு வலைப்பையைத் துணைக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிச் சேகரித்தவற்றை அரசாங்கக் கிட்டங்கியில் எண்ணி ஒப்புவித்துக் கூலி பெறுவர். உள்ளிருக்கும் தசை அழுகி நீங்கும் வரை குவியலாகக் கிடக்கும் அச்சங்குகளின் நாற்றமும் அவற்றை மொய்க்கும் ஈக்களும், அவ்வழியே செல்வோர் மறக்க மாட்டாதவை. பின்னர் கழுவி, பருமன்படி தரம் பிரித்து, வங்காளத்து வியாபாரிகளுக்கு விற்கப்பட்ட சங்கு, டாக்கா நகரத்துக் கைவினைஞர் அறுத்துச் செதுக்க, அந்நாட்டுச் சுமங்கலிகளின் கையில் வளையாகும். தூத்துக்குடிக் கடலில் உயிரைப் பணயம் வைத்து ஒருவர் எடுத்த சங்கு ஆயிரம் மைலுக்கு அப்பால் மங்கலப் பொருளாக மாறியதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது. அரிதாகக் கிடைக்கும் வலம்புரியின் விலை சாதாரணச் சங்கின் விலையோடு ஒப்பிடத் தக்கதன்று.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் வாய்த்ததன்று. கடலடித் திட்டுகளாகிய பார்களில் சிப்பி விளைந்த ஆண்டில் மட்டுமே நடைபெற்றது. அக்காலத்தில் கரையில் ஒரு தற்காலிகப் பட்டணமே தோன்றி, சோற்றுக்கடை முதல் தட்டான் கடை வரை கூடாரங்களில் நடைபெறும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கைக் குளிகாரர் பெற, எஞ்சியதை அரசாங்கம் ஆயிரம் ஆயிரமாக ஏலமிடும். உள்ளே முத்து உண்டோ இல்லையோ என்று அறியாமலே விலை கூறும் அந்த ஏலத்தில் ஒரே நாளில் செல்வந்தரானவரும் உண்டு, கடனாளியானவரும் உண்டு.

இவ்வளவு வியாபாரத்துக்கும் வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதே அடுத்து ஆராயத் தக்கது. பாங்க் ஆப் மதராஸ், நேஷனல் பாங்க் ஆப் இந்தியா என்னும் இரு பெரிய வங்கிகளும் தூத்துக்குடியில் கிளை வைத்திருந்தன. அவற்றுள் முன்னது 1921-இல் ஏனைய இரு மாகாண வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் பாங்க் ஆயிற்று. இவ்வங்கிகள் பஞ்சு ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களின் உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டுகளை ஏற்றுப் பணம் கொடுப்பதிலேயே பெரிதும் கருத்தாயிருந்தன. சுதேச வியாபாரி அவற்றின் வாயிலை அணுக வேண்டுமானால், வங்கியின் ஷராப் என்னும் காசாளர் அவரை அறிந்து நாணயத்துக்கு உறுதி கூறவேண்டும். ஏனையோர்க்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடையும், சக வியாபாரிகளிடம் வாங்கும் கைமாற்றுமே கதி. கொழும்பில் சரக்கை விற்றவர், அங்கே செட்டியார் தெருவில் பணத்தைக் கட்டி உண்டியல் பெற்று அனுப்ப, இங்கே உள்ளவர் அதனைக் காட்டிப் பணம் பெறுவார். கடல் கடந்து பணம் செல்லாமலே கணக்குத் தீர்ந்துவிடும். இம்முறைக்கு ஆதாரம் பேரேட்டில் எழுதிய வரியும், எழுதினவருடைய நாணயமுமே. பருத்தி அறுவடைக் காலத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பணம் வேண்டியிருந்தமையால் வட்டி ஏறும். சிறு வியாபாரியின் லாபம் அவ்வட்டியிலேயே கரைந்து போவதுண்டு. அவரது உழைப்புக்கு உரிய பலன் அவருக்குக் கிட்டாமற் போன காரணங்களுள் இதனையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

1906-ஆம் ஆண்டு அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை நிறுவிய சுதேசி நாவாய்ச் சங்கத்தை அரசியல் நிகழ்ச்சியாக மட்டும் காண்போர் அதன் வியாபார வேரைக் காணாது விடுகின்றனர். கொழும்புக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா நாவாய்க் கம்பெனியின் கையில் இருந்தமையால், கட்டணத்தை அக்கம்பெனியே விதித்தது. கடைக்காரர் கட்டுப்பட வேண்டியவராயினர். பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய்ப் பங்குகள் நாற்பதினாயிரமாகப் பிரித்தமை, சிறு வியாபாரியும் பங்காளியாக வேண்டும் என்னும் நோக்கத்தைத் தெளிவாகக் காட்டும். பாண்டித்துரைத் தேவர் தலைவராக, ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு லட்சம் ரூபாய் அளித்தார். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. போட்டி முற்றிக் கட்டணம் அணாக்கணக்கில் இறங்கவும், எதிர்க் கம்பெனியார் கட்டணமின்றி ஏற்றியதோடு பிரயாணிகளுக்குக் குடையும் கொடுத்தார்கள் என்று ஊரார் நெடுங்காலம் பேசி வந்தனர்.

1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, கூலியிழந்த குடும்பங்களை ஊரே தாங்கிற்று. ஆலைமுதலாளிகளின் பக்கம் நின்றவர்க்கு நாவிதர் முகம் மழிக்க மறுத்தனர்; அம்முதலாளிகளுக்குச் சார்பாகப் பேசிய ஒரு வழக்கறிஞரைப் பாதி மழித்த நிலையிலேயே விட்டு எழுந்தார் ஒருவர் என்பது பிரசித்தமான செய்தி. சலவைத் தொழிலாளர் துணி எடுக்கவில்லை, ஜட்காக்காரர் வண்டி பூட்டவில்லை, கடைக்காரர் பண்டம் விற்கவில்லை. ஊரில் எவரும் பெரிதாக மதியாத சிறு தொழில்களின் வலிமை எத்தகையது என்பதை அந்நாட்களில் துரைமாரும் உணர்ந்தனர். மார்ச்சு முதல் வாரத்தில் கூலி உயர்வு முதலியவற்றுக்கு இணங்கி நிர்வாகம் சமரசம் செய்துகொண்டது. ஆயினும் மார்ச்சு 12-இல், அவ்வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற சிதம்பரம் பிள்ளை கைதாக, மறுநாள் கடைகள் அடைபட்டன. திருநெல்வேலியில் துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். அவர் சிறையிலிருக்கையிலேயே, 1911-இல், நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல் ஓட்டியவர் விடுதலைக்குப் பின் சென்னையில் சிறு கடை வைத்துக் காலம் தள்ள நேர்ந்தமை, இவ்வரலாற்றில் என் நெஞ்சை மிகவும் வருத்தும் பகுதி. 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பிய அவர், 1936 நவம்பர் 18-இல் அங்கேயே காலமானார்.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், அதுவரை போட் மெயில் என்னும் ரெயிலில் வந்து தூத்துக்குடி வழியே இலங்கை சென்ற பிரயாணிகள் அவ்வழி போயினர். சத்திரத்தாருக்கும், சோற்றுக்கடைக்காரருக்கும், ஜட்காக்காரருக்கும், கரையிலிருந்து கப்பலுக்கு ஆள் ஏற்றிய படகோட்டிகளுக்கும் இது பேரிடியாக விழுந்தது. சரக்கு வியாபாரம் மட்டும் பழைய துறையை விட்டகலவில்லை.

குடிநீருக்கும் இப்பட்டணம் அல்லற்பட்டது. கடலோர மணலில் தோண்டிய கிணற்று நீர் உவர்த்தமையால், குடத்துக்கு விலை கொடுத்து நீர் வாங்குவது வழக்கமாயிருந்தது. தண்ணீர் விற்பதும் ஒரு ஜீவனமே. நகரசபைத் தலைவராகப் பலமுறை பணியாற்றிய குரூஸ் பர்னாந்து, தாமிரபரணி நீரை வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே கொணர முயன்று வெற்றி கண்டார்.

செட்டியார் கடை வட்டிக்கும் ஐரோப்பிய வங்கியின் அலட்சியத்துக்கும் நடுவே நின்ற வியாபாரிகள், தாமே ஒரு வங்கி தொடங்குவதென்று துணிந்தது 1920-இல். 1910-இல் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் அவ்வாண்டு தூத்துக்குடியில் கூடியபோது இக்கருத்து உருப்பெற்றது. 1921 மே மாதம் பதிவு செய்யப்பெற்று, எம். வி. சண்முகவேல் நாடாரைத் தலைவராகக் கொண்ட நாடார் பாங்க், நவம்பர் 11-ஆம் நாள் தெற்கு ராஜா தெருவில் வேலை தொடங்கியது. பேட்டையில் மூட்டைக்கு மகமை எடுத்து வளர்ந்த கூட்டுறவுப் பழக்கமே இங்கே வங்கியாக முதிர்ந்தது என்பது வெளிப்படை. கடன் கேட்டு வருபவரின் கடையையும் சரக்கையும் குடும்பத்தையும் நேரே அறிந்தவர்கள் கடன் கொடுக்கும் இடத்தில் அமர்ந்தமையால், ஷராப்பின் சிபாரிசு தேவையற்றதாயிற்று. 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்க் என்று பெயர் மாறிய இவ்வங்கி, சாதி எல்லை கடந்து எல்லோரும் கணக்கு வைக்கும் நிலையமாக வளர்ந்தது.

தூத்துக்குடியாரின் பணம் கடலுக்கு அப்பாலும் உலவியமையால், 1937-இல் இவ்வங்கி கொழும்பில் ஒரு கிளை திறந்தது. 1939-இல் அது மூடப்பட்டது. அதன் பின்னரும் பல்லாண்டுகள், வங்கிக் கிளை இல்லாத அதே கொழும்புக்கு, வெங்காயமும் மிளகாயும் கருவாடும் ஏற்றிய பாய்த்தோணிகள் தூத்துக்குடித் துறையிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தன.