அருப்புக்கோட்டை

அருப்புக்கோட்டை, விருதுநகர் மாவட்டத்தில் உள்ள நகராட்சி. அதே பெயருடைய வட்டத்தின் தலைமையிடம். மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38இல், மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மேற்கே விருதுநகரும் கிழக்கே திருச்சுழியும் பேருந்தில் அரை மணி, முக்கால் மணி நேரப் பயணம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நகரில் 87,722 பேர் வசித்தனர். கைத்தறி, விசைத்தறி நெசவும் நூற்பாலைகளும் ஊரின் அடையாளம். பெயருக்கு மல்லிகை அரும்பைக் காரணமாகச் சொல்வது ஊர்வழக்கு. கோட்டை என்று காட்ட இன்று எதுவும் இல்லை.

தமிழ்நாட்டின் பழைய நகரங்கள் பெரும்பாலும் ஓர் ஆற்றையோ ஓர் அரசரையோ பெரிய கோயிலையோ சார்ந்து எழுந்தவை. அருப்புக்கோட்டைக்கு ஆறு இல்லை. அரசர்கள் இருந்த இடம் மதுரையும் இராமநாதபுரமும். சொக்கலிங்கபுரத்தில் மீனாட்சி சொக்கநாதர் கோயில் உண்டென்றாலும், இந்த வட்டாரத்தில் பாடல் பெற்ற தலம் என்ற பெருமை சுந்தரர் பாடிய திருச்சுழிக்கே உரியது. அங்கே கரையைத் தொட்டுக் குண்டாறு ஓடுகிறது, மழைக்காலத்தில் மட்டும். ஆண்டுக்கு 800 மி.மீ.யை ஒட்டிப் பெய்யும் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில், கண்மாய்களை நம்பிய வேளாண்மை, பொய்த்தால் பஞ்சம் என்பதுதான் இந்தச் சீமையின் கணக்கு. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு நகரம் எப்படி நிலைத்தது என்பதே அருப்புக்கோட்டையின் வரலாறு. தறியும் பேட்டையும் சேர்ந்து அதை நிலைக்க வைத்தன.

தறி

நெசவாளர்களில் இரு பிரிவினர் முக்கியமானவர்கள். ஒருவர் தமிழ் பேசும் சாலியர். மற்றவர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் தேவாங்கர். விஜயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி வந்த நெசவுக் குடிகளைச் சேர்ந்தவர்கள். சௌடேஸ்வரி அம்மன் இவர்களுடைய குலதெய்வம். அம்மன் விழாவில் மார்பில் கத்தி போட்டுக்கொண்டு ஆடிவரும் நேர்த்திக்கடனைப் பார்க்காமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

நெசவுத் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சியைவிடப் பாவுதான். பாவு ஆற்றுவதற்கு நீண்ட வெளி வேண்டும். விடியும் முன்பே தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நூலை இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சியைத் தடவி, இருபுறமும் ஆள் நின்று புருசால் நீவிக்கொண்டே போவார்கள். இழை இழையோடு ஒட்டக்கூடாது, கஞ்சி திட்டுத் திட்டாக நிற்கக்கூடாது, வெயில் ஏறுவதற்குள் காய்ந்தும் ஆகவேண்டும். ஒரு வீட்டால் ஆகிற வேலையில்லை இது. அக்கம்பக்கத்தார் கைகொடுப்பார்கள், நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போகவேண்டும். அதன்பின் பழைய பாவின் கடைசி இழைகளோடு புதிய பாவை ஒவ்வோர் இழையாகப் பிணைக்க வேண்டும். பெண்கள் ராட்டையில் தார் சுற்ற, குழித்தறியில் காலை மிதியில் வைத்து நெய்பவருக்குத் துணி வளர்வது பிறகுதான். மழை பெய்தால் தெருவில் பாவு இல்லை. பாவு இல்லையென்றால் கூலி இல்லை. உழவர் மழைக்கு ஏங்கும் சீமையில் மழையைக் கண்டு அஞ்சிய தொழில் இது.

நெசவாளர் சொந்த நூல் வாங்கிச் சொந்தச் சேலையை விற்றது குறைவு. நூலை ஒருவர் தருவார், நெய்ததை அவரே எடுத்துக்கொண்டு கூலி கொடுப்பார். கடன் முன்பணமாகத் தொடங்கும், தறியோடு ஒட்டிக்கொள்ளும். இதை உடைக்கத்தான் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இன்றைய கோ-ஆப்டெக்ஸ், 1935இல் தொடங்கப்பட்டது. அருப்புக்கோட்டையிலும் சங்கங்கள் பெருகின.

பேட்டை

அடுத்த கதை நாடார்களுடையது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாட்டு வண்டிகளில் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த வணிகர்களுக்கு வழிநெடுகக் கள்ளர் பயம் இருந்தது. வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க அவர்கள் அமைத்துக்கொண்ட மதில் சூழ்ந்த வளாகம்தான் பேட்டை. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பேட்டைகளைச் சுற்றி நாடார்கள் நிலையாகக் குடியேறினார்கள். சிவகாசி, விருதுபட்டி என்ற விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறையும் 'ஆறு ஊர்' நாடார்களின் ஊர்களாக ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் தம் 1969ஆம் ஆண்டு நூலில் குறிப்பிடுகிறார். இவற்றில் பாலையம்பட்டி அருப்புக்கோட்டையை ஒட்டியே இருக்கிறது.

பேட்டையில் இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை மகிமையாகப் பிடிக்கப்பட்டது. அந்தப் பணம் நாடார்களின் ஊர்ச் சமூக அமைப்பான உறவின்முறைக்குப் போனது. உறவின்முறையை நடத்தியவர்கள் முறைக்காரர்கள். முறை வைத்துப் பொறுப்பேற்றவர்கள் என்பதால் அந்தப் பெயர். கிணறு, கோயில், பள்ளிக்கூடம், சாதிக்குள் எழும் வழக்குகள் எல்லாம் இந்தக் கணக்கில் நடந்தன. வரியும் நீதியும் பொதுப்பணியும் ஒரே கல்லாவில் இருந்தன என்றால், நகராட்சி வருமுன்பே ஒருவகை நகராட்சி இங்கே இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். கோயில் நுழைவு குறித்த கமுதி வழக்கும் 1899 சிவகாசிக் கலவரமும் நடந்த காலத்தில் இந்த அமைப்புகள் மேலும் இறுகின. 1910இல் நாடார் மகாஜன சங்கம் பிறந்தது.

இந்த முறையின் பலனை ஊரின் கல்வி நிலையங்களின் பெயர்ப் பலகைகளிலேயே படிக்கலாம். சாலியர் மகாஜன மேல்நிலைப்பள்ளி, தேவாங்கர் மேல்நிலைப்பள்ளி, தேவாங்கர் கலைக் கல்லூரி, எஸ்.பி.கே. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் சைவ பானு சத்திரிய கல்லூரி. ஒவ்வொரு சமூகமும் தன் பங்குக்குக் கட்டியது; பிறகு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். ஆனால் தறியும் இல்லாமல் கடையும் இல்லாமல் காட்டு வேலைக்குப் போனவர்களுக்குக் கட்டிக்கொடுக்க எந்த மகிமைப் பணமும் இல்லை. அவர்கள் காமராசர் காலத்து அரசுப் பள்ளியும் மதிய உணவும் வரும்வரை காத்திருந்தார்கள். அருப்புக்கோட்டையைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுவது வழக்கம்.

தடம் மாறிய ரயில்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரிசல் பருத்திக்கு மவுசு ஏறியது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து நின்றபோது தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறிய பஞ்சில் இந்தச் சீமையின் பங்கும் உண்டு. ஆனால் 1870களில் மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்த ரயில் பாதை விருதுபட்டி, சாத்தூர் வழியாகப் போனது; அருப்புக்கோட்டையைத் தொடவில்லை. மொத்த வியாபாரம் ரயிலடியைத் தேடிப் போய்விட்டது. பருப்பும் வத்தலும் எண்ணெயும் விருதுநகரில் விலை பேசப்பட்டன. அருப்புக்கோட்டைக்கு மிஞ்சியது வண்டிச் சாலையும் தறியும்தான். விருதுநகரும் அருப்புக்கோட்டையும் ஒரே வகை வணிக ஊர்களாகத் தொடங்கியவை. ஒன்று சந்தையாகவும் ஒன்று நெசவூராகவும் பிரிந்ததற்கு இந்தத் தண்டவாளத்தைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ரயில் கடைசியில் 1960களில் வந்தது, விருதுநகர்-மானாமதுரை மீட்டர் கேஜ் பாதையாக. அது 2013இல் அகலப் பாதையானது. அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நேராகப் போடத் திட்டமிட்ட 143.5 கி.மீ. புதிய பாதையில் தூத்துக்குடிப் பக்கம் சிறு பகுதி மட்டுமே முடிந்திருக்கிறது. ரயில் இல்லாத குறையைப் பேருந்து தீர்த்தது. தென் மாவட்டச் சாலைகளில் பேர் வாங்கிய ஜெயவிலாஸ் பேருந்துகள் இந்த ஊர்ச் சரக்கு. அந்தப் பெயரிலேயே நூற்பாலையும் உண்டு. இராமலிங்கா மில் இன்னொன்று. தெற்கே பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்து ஆர்.ஆர்.நகர் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

ஆட்சி, அரசியல்

ஊர் நெடுங்காலம் இராமநாதபுரம் சேதுபதிகளின் சீமையோடு சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் அடங்கியது. 1985இல் அந்த மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, இன்று விருதுநகர் மாவட்டம் எனப்படும் காமராசர் மாவட்டத்துக்கு வந்தது.

அருப்புக்கோட்டை ஒருகாலத்தில் மக்களவைத் தொகுதியாகவும் இருந்தது. 1952இலும் 1962இலும் அங்கே வென்றவர் உ.முத்துராமலிங்கத் தேவர். 1977 சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். இந்தத் தொகுதியில் நின்று வென்றார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று முதல்முறையாக முதலமைச்சரானார். அடுத்த தேர்தலில் மதுரை மேற்குக்கும் அதற்கடுத்து ஆண்டிபட்டிக்கும் போய்விட்டார். இருந்தாலும் 1983இல் அவர் அரசு தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் தமிழகம் முழுவதும் கூட்டுறவுத் தறிகளுக்கு ஆண்டுதோறும் உறுதியான வேலை தந்தது.

அருகே மல்லாங்கிணறு, 2018இல் 'சஞ்சாரம்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற எஸ்.ராமகிருஷ்ணன் பிறந்த ஊர். திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி ஆனார். அவர் பிறந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டாரும் வருகிறார்கள். பெரும்பாலோர் அருப்புக்கோட்டையில் இறங்கிப் பேருந்து மாறுவதோடு சரி.

இன்று

குழித்தறி குறைந்து விசைத்தறி பெருகியது. தெருவில் பாவு ஆற்றுவதும் அருகி, கஞ்சி போட்ட பாவு உருளையாகவே வந்து சேர்கிறது. விசைத்தறிகளுக்கு அரசு இரு மாதத்துக்கு ஒருமுறை தரும் இலவச மின்சாரம் 2023இல் 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது. நூல் விலை மட்டும் எவர் சொல்லுக்கும் கட்டுப்படுவதில்லை. குடிநீருக்கு வைகையையும் தாமிரபரணியையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. திருச்சுழிப் பக்கம் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு.

2023 மார்ச்சில் ஒன்றிய அரசு நாடு முழுவதும் 7 பி.எம்.மித்ரா ஜவுளிப் பூங்காக்களை அறிவித்தது. தமிழ்நாட்டுக்கான பூங்கா விருதுநகர் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில் அமைகிறது. நூற்பிலிருந்து ஆயத்த ஆடை வரை ஒரே வளாகத்தில் என்பது திட்டம். அருப்புக்கோட்டைத் தறிகளுக்கு அது சந்தையாகுமா போட்டியாகுமா என்பது, அங்கே நாலு தறி வைத்திருப்பவருக்கு இடம் உண்டா என்பதைப் பொறுத்தது. பெரிய ஆலைகளுக்கு மட்டுமே கதவு திறந்தால் இந்த ஊர் ஆள் அனுப்பும் ஊராகிவிடும்.

இந்த நகரின் வரலாறு கல்வெட்டில் இருப்பதைவிட மகிமைக் கணக்கு நோட்டுகளிலும் நெசவாளர் சங்கப் பதிவேடுகளிலும் பழைய பள்ளிகளின் சேர்க்கைப் புத்தகங்களிலும்தான் அதிகம் இருக்கிறது. பரணில் அவற்றை வைத்திருப்பவர்கள் எடைக்குப் போடும் முன், அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிடம் ஒருமுறை காட்டுங்கள்.