முட்டைக் குழாயும் ஐந்து விளக்குகளும்

காசநோய்க் கிருமி அவசரமே இல்லாத ஜென்மம். ஈகோலி 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும்; இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேணும். அதன் பரிசோதனை வரலாறு முழுக்க இந்தச் சோம்பேறித்தனத்தோடு நடந்த மல்லுக்கட்டு என்றே நினைக்கிறேன்.

1948-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவை வெளியிட்டது. 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேர், இரண்டாவதில் 14 பேர் இறந்திருந்தார்கள். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்த முறையைப் பாராட்டிவிட்டுப் போயிடுவாங்க. அதே அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மருந்து வாங்கிய பலரிடம் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி கிளம்பியிருந்தது. ஒற்றை மருந்து போதாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சரி, யாருடைய கிருமி அடங்கும், யாருடையது அடங்காது? அதற்குக் கோழிமுட்டைதான் துணை. முட்டையைக் கலக்கி, மாலகைட் பச்சைச் சாயம் சேர்த்து, குழாயில் சாய்வாக உறைய வைப்பார்கள். லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகம் என்று பெயர். மருந்து கலந்த குழாயிலும் கலக்காததிலும் சளியிலிருந்து எடுத்த கிருமியை விதைத்துக் காத்திருக்கணும். முதலில் கிருமி வளர வாரக்கணக்கு, பிறகு மருந்துச் சோதனைக்கு இன்னும் வாரக்கணக்கு. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரிய அளவுக்குப் பலன் கிடைக்கும் என்று 1959-ல் காட்டியது. பெரிய விடுதலை அது. ஆனால் மாத்திரை கேட்கிறதா இல்லையா என்ற பதில் மட்டும் முட்டைக் குழாயின் வேகத்திலேயே வந்தது. அதுவரை நோயாளி வேலை செய்யாத மருந்தை விழுங்கிக்கொண்டு, வீட்டில் இருமிக்கொண்டிருப்பார்.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட்டைப் பரிந்துரைத்தது. நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்பார்கள். ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை ஆர்பிஓபி மரபணுவின் 81 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். அந்த இடத்தைத் தேடி ஐந்து ஒளிரும் துணுக்குகள் போகின்றன. எழுத்து சரியாக இருந்தால் ஒட்டி ஒளிரும். ஒன்று ஒளிராமல் போனால் எதிர்ப்பு. இரண்டு மணி நேரத்துக்குள் பதில்!

ஆனால் அது ஐசோனியசிட் பற்றி வாயே திறக்காது. செத்த கிருமியின் மரபணுவையும் எண்ணிவிடும். அதனால் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க உதவாது. பெடாகுவிலின் போன்ற புது மருந்துகளுக்கு எதிர்ப்பு எந்தெந்த எழுத்து மாற்றத்தால் வருகிறது என்ற பட்டியலும் இன்னும் முழுமையாகவில்லை. ஆகவே பெரிய ஆய்வகங்களில் இன்றும் கிருமியை வளர்த்துத்தான் பார்க்கிறார்கள், வாரக்கணக்கில்.