ஏலமும் ஏலமும்

மதுரைக்காஞ்சி பாடும் நாளங்காடியும் அல்லங்காடியும் தமிழர் வாணிகத்தின் பழம்பெருமைக்குச் சான்றுகள். பல்பொருள் நிறைந்த அத்தெருக்களில் பொருளோடு குரலும் உலவிற்று. மதுரைக்கு மேற்கே, மலையடிவாரத்துப் போடிநாயக்கனூரில் வளர்ந்த பேரங்காடியோ கூரையின் கீழ் அமைந்தது. ஒரே பொருளுக்கு உரியது.

ஏலக்காயை ஏலம் விடும் ஊர் அது. ஒலியால் ஒன்றாகிய இவ்விரு சொற்களும் பிறப்பால் வேறானவை. முன்னது, பதினெண்கீழ்க்கணக்கு நூலாகிய ஏலாதியின் பெயரிலேயே மணக்கும் பழஞ்சொல். பின்னது, போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து வந்த சொல் என்பர் அகராதியார். மலையில் விளைந்ததும் கடல்வழி வந்ததும் போடியில் ஒன்றுகூடின.

காய் விளையும் மலையின் பெரும்பகுதி அன்று திருவிதாங்கூருக்கு உரியது. 1956க்குப் பின் கேரளத்திற்கு உரியது. எனினும் எல்லைக்கோடு வாணிகத்தைப் பிரிக்கவில்லை. போடிமெட்டு வழியே மூட்டைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. 1928இல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நின்ற அந்த ரயில், 2023 ஜூனில் மீண்டும் போடியை அடைந்தது.

முன்னாளில் கூடத்தில் விலை கூறும் குரல் ஓங்கி ஒலித்தது. 2007இல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தை அறிமுகம் செய்தது. இன்றும் மாதிரிக் காய் வணிகர் கைக்கு வருகிறது; நிறமும் பருமனும் திரட்சியும் மணமும் நோக்கப்படுகின்றன. விலையை மட்டும் விரல் சொல்கிறது, திரை காட்டுகிறது. ஒவ்வொரு கேள்வியும் பதிவாவதால் விளைவித்தவருக்கு நன்மை உண்டு. குரல் அடங்கியதை இழப்பென்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது.

ஆயின் அக்கூடத்தில் தொடக்கம் முதலே ஒலியாத குரல் ஒன்று உண்டு. ஏலச்செடி தன் காயை உச்சியில் தாங்குவதில்லை. அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் தாங்குகிறது. ஆதலின் பறிப்பவர் நாள் முழுதும் குனிந்தே இருக்க வேண்டும். விடியலில் அடிவாரத்து ஊர்களிலிருந்து ஜீப்பில் நெருக்கி அமர்ந்து மலையேறும் பெண்கள் அவர்கள். அவர்கள் பறித்த ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகிறது. அந்த ஒரு கிலோவின் விலை ஏறினும் இறங்கினும், கேள்வி கேட்கும் இருக்கை அவர்களுக்கு இல்லை.

மாதிரித் தட்டில் காயின் தரம் அனைத்தும் தெரிகிறது. குனிந்த முதுகு மட்டும் தெரிவதில்லை. அங்காடியைப் பாடிய தமிழ் மரபுக்கு ஏலமலைச் சரிவில் இன்னும் ஒரு பாட்டு மீந்திருக்கிறது.