நடந்து கண்ட புதுவை

ஊரைப் பார்ப்பது வேறு. ஊரைப் படிப்பது வேறு. பார்ப்பதற்குக் கண் போதும். படிப்பதற்குக் காலும் வேண்டும். காலத்தை அறியும் பொறுமையும் வேண்டும். புதுவை என்னும் கடற்கரை நகரை யான் பலமுறை பார்த்ததுண்டு. படித்தது ஒரே முறைதான். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என நண்பர்கள் பணித்தபோது, அந்த ஒருமுறை நடந்த நடையே நினைவில் எழுந்தது.

அந்நடைக்குக் காரணமாக அமைந்தவள் ஒரு மாணவி. சில ஆண்டுகளுக்கு முன் எம் துறை மாணவியரைக் கல்விச் சுற்றுலாவாகப் புதுவைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கடற்கரைச் சாலையில் எங்களை இறக்கிவிட்ட பேருந்து ஓட்டுநர் இரண்டு மணி நேரமே தந்தார். காந்தி சிலை, கலங்கரை விளக்கம், மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், மஞ்சள் சுவர்களின் மேல் படர்ந்த காகிதப் பூக்கள் எனக் காட்டிக்கொண்டே விரைந்தேன். "இது பிரெஞ்சுக்காரர் கட்டிய நகரம்" என்று விளக்கமும் சொன்னேன். முத்தியால்பேட்டையில் பிறந்த மாணவி ஒருத்தி, "அம்மா, அப்படியானால் நாங்கள் இருந்த ஊர் எது?" என்று மெல்லக் கேட்டாள். முனைவர் பட்டம் பெற்ற எனக்கு அக்கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அடுத்த விடுமுறையில் தனியே சென்று இரண்டு நாள் தங்கினேன். வண்டி வைத்துக்கொள்ளவில்லை, வழிகாட்டி எவரையும் அமர்த்திக்கொள்ளவில்லை. நின்ற இடத்தில் நின்று, தோன்றிய திசையில் நடந்தேன்.

கடலும் கரையும்

புதுவையைக் கடலிலிருந்து தொடங்குவதே முறை. விடியலில் கடற்கரைச் சாலை நடப்போர்க்கே உரியது. தெற்கு முனையில் 1870இல் நிறுவப்பட்ட துய்ப்ளேவின் சிலை நிற்கிறது. நடுவில், செஞ்சியிலிருந்து கொணரப்பட்டவை எனப்படும் கருங்கல் தூண்கள் சூழக் காந்தியடிகள் நிற்கிறார். அருகே 1836இல் முதன்முதலாக ஒளி வீசிய பழைய கலங்கரை விளக்கம். எதிரே முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்க்கு 1938இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம். பேரரசு கண்டவரும் பேரரசை எதிர்த்தவரும் பேரரசுக்காக மடிந்தவரும் ஒரே கடற்காற்றை வாங்கி நிற்கும் காட்சி, விரைந்து செல்வோர் கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

கரையெங்கும் கருங்கற்கள் குவிந்து கிடந்தன. முன்னாளில் அகன்ற மணற்பரப்பு இருந்த இடம் அது. 1980களில் தெற்கே துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கு நோக்கி இயல்பாக நகரும் மணல் அங்கே தடைப்பட்டது; வடபுறக் கரையைக் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கவே கற்கள் கொட்டப்பட்டன. பின்னாளில் கடலடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டு, மணல் ஓரளவு திரும்பியிருப்பது மகிழ்ச்சிக்குரியது.

இக்கரையில் நிற்கும்போது மற்றொரு நினைவும் எழுந்தது. 18ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கொத்தரும் கைவினைஞரும் இங்கிருந்து மொரீசியசுத் தீவுக்குச் சென்றனர். 19ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவுகளில் வாழ்கின்றனர்.

யார் கட்டிய நகர்?

கடற்கரையிலிருந்து மேற்கே திரும்பினால் வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. இந்நேர்மை பிரெஞ்சுக்காரரது என்றே யானும் எண்ணியிருந்தேன். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். ஆயினும் 1693இல் ஊரைக் கைப்பற்றி 1699 வரை வைத்திருந்த ஒல்லாந்தரே நேர்வீதித் திட்டத்தை வரைந்தவர்கள் என்பர் ஆய்வாளர். 'பிரெஞ்சு நகரம்' என்ற என் சொல்லில் விழுந்த முதல் விரிசல் இது.

இரண்டாம் விரிசல் இன்னும் பெரிது. 1761 சனவரி 16ஆம் நாள் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதன்பின் கோட்டையையும் மாளிகைகளையும் அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி ஊர் மீண்டும் பிரெஞ்சுக்காரர்க்கு உரியதாயிற்று. 1765 முதல் பழைய வீதிக் கோடுகளின் மேலேயே புதிய நகர் எழுந்தது. ஆகவே, துய்ப்ளே உலவிய மாளிகை எதனையும் நாம் இன்று காண்பதற்கில்லை. அவர் காலப் புதுவை மண்ணுக்குள் போய்விட்டது.

கட்டடத்தின் நிலையாமைக்கு அண்மைச் சான்றும் உண்டு. கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட 'மேரி' எனும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பரில் பெய்த மழையில் இடிந்து வீழ்ந்தது. பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இன்று காண்போர்க்கு அது பழங்கட்டடமாகவே தோன்றும். கல் காட்டும் வயதை அப்படியே நம்பிவிடலாகாது என்பதை அங்கே கற்றேன்.

வாய்க்காலுக்கு அப்பால்

நகரை வடக்குத் தெற்காகப் பிளந்து ஓடுவது பெரிய வாய்க்கால். அதன் கிழக்கே வெள்ளையர் நகர். மேற்கே தமிழர் நகர். ஆட்சியாளர் முன்னதை வெள்ளை நகர் என்றும் பின்னதைக் கறுப்பு நகர் என்றும் வழங்கினர். சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் கிழக்கிலேயே நின்றுவிடும். அன்று யானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

வாய்க்காலைக் கடக்க முப்பது அடி நடந்தால் போதும். ஆயினும் வேறோர் உலகம். கிழக்கே உயர்ந்த மதில்களுக்குள் மறைந்து நிற்கும் வீடுகள். மேற்கே தெருவை நோக்கித் திறந்த திண்ணைகள். தெருவுக்குத் தாழ்வாரம் இறக்கி, தூண் நாட்டி, வழிப்போக்கர் அமர இடம் தந்த வீடுகள் அவை. உள்ளே முற்றம். மாடியிலோ பிரெஞ்சுப் பாங்கில் அமைந்த வளைவுச் சன்னல்கள். கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாக ஒரே வீட்டில் இரு மொழிகள் குடியிருப்பதைக் கண்டு வியந்தேன். செட்டித் தெரு, வெள்ளாழ வீதி, கோமுட்டித் தெரு, முல்லா வீதி எனத் தெருப்பெயர்கள் ஊர் வாழ்ந்த முறையைச் சொல்கின்றன. சாதிக்கும் சமயத்துக்கும் தனித்தனி வீதி வகுத்த அம்முறையின் வடுவும் அப்பெயர்களிலேயே இருக்கிறது. அதனை மறைத்துப் பழமையை மட்டும் போற்றுவது வரலாறு ஆகாது.

வைசியாள் வீதியின் பழைய வீடுகள் சில செம்மையுறப் புதுக்கப்பட்டிருப்பது ஆறுதல். ஆயினும் திண்ணை இருந்த இடத்தில் இழுவைக் கதவுக் கடைகளும், முற்றம் இருந்த இடத்தில் அடுக்கு மாடிகளும் எழுந்திருப்பதை நடை நெடுகக் கண்டேன். கிழக்கின் மதில்களைப் பேணும் அக்கறை மேற்கின் திண்ணைகளுக்கு எளிதில் கிட்டுவதில்லை.

இடிந்த நகரும் இடியாத ஏடும்

அன்று பிற்பகல் இரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப்பிள்ளையின் வீட்டின் முன் நெடுநேரம் நின்றேன். 1761இன் அழிவுக்குத் தப்பிய அரிய கட்டடங்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பர். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, துய்ப்ளேவின் தலைமைத் துபாசியாக உயர்ந்தவர் பிள்ளை. 1736 செப்டம்பர் முதல் 1761 சனவரி வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். ஊர் வீழ்வதற்கு நான்கு நாள் முன்னர், சனவரி 12ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. நகரின் முடிவும் நாட்குறிப்பின் முடிவும் ஏறக்குறைய ஒன்றாகவே நேர்ந்தன.

அந்த ஏட்டில் கப்பல் வந்ததும் உண்டு. பீரங்கி முழங்கிய எண்ணிக்கையும் உண்டு. வாணிகமும் வதந்தியும் அரண்மனைச் சூழ்ச்சியும் உண்டு. தமிழ் ஆண்டு, திங்கள், கிழமையிட்டு, பேச்சு நடையில், கேட்டது கேட்டபடி எழுதிச் சென்றார். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரி ஈசுவரன் கோயில் இடிக்கப்பட்ட செய்தியை நாம் அறிவதும் அவர் ஏட்டின் வழியேதான். தாம் பணியாற்றிய ஆட்சி செய்ததை, தம் மனம் நொந்ததை, மறைக்காமல் எழுதிவைத்தார். கோயில் பின்னாளில் தமிழர் பகுதியில் மீண்டும் எழுந்தது. மூலக்கோயில் இருந்ததற்கு அந்த எழுத்தே பெருஞ்சான்று.

1846இல் கலுவா மொம்பிரேன் என்பவர் இந்நாட்குறிப்பைக் கண்டறிந்தார். பின்னர்ச் சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. புதுவை மண்ணின் எழுத்தாளர் பிரபஞ்சன் இவ்வேட்டை அடிப்படையாகக் கொண்டு படைத்த 'வானம் வசப்படும்' புதினம் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கோட்டை போயிற்று, கொடி போயிற்று, துபாசியின் தமிழ் நின்றது.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையின் ஏடு மேல்நிலை மாந்தர் ஒருவரின் ஏடு. காலையில் கடற்கரையில் நினைத்தேனே, கப்பலேறிய கொத்தரும் கூலிகளும், அவர்கள் எழுதிய நாட்குறிப்பு எதுவும் நம் கையில் இல்லை. எழுதப்பட்ட ஊர் நின்றது; எழுதப்படாத ஊர் எத்துணை பெரிதோ!

பாவலர் நடந்த வீதிகள்

இரண்டாம் நாள் பாவலர்க்கு உரியதாயிற்று. 1908இல் ஆங்கில அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவை புகுந்த பாரதியார் 1918 நவம்பர் வரை இங்கே வாழ்ந்தார். 'பாஞ்சாலி சபதம்', 'குயில் பாட்டு', 'கண்ணன் பாட்டு' ஆகியவை புதுவையில் பிறந்தவை. 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் இங்கு வந்து சேர்ந்தனர். ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக விளங்குகிறது. அங்கிருந்து நடந்து பெருமாள் கோயில் தெருவை அடைந்தால் பாரதிதாசன் வாழ்ந்த இல்லம். 1891இல் புதுவையில் கனக சுப்புரத்தினமாகப் பிறந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பாவேந்தராக உயர்ந்தவர் அவர். இரு இல்லங்களும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் நகரிலேயே உள்ளன என்பதை நடந்தபோதுதான் உணர்ந்தேன்.

குயில் தோப்பு இருந்த முத்தியால்பேட்டைக்கும் சென்றேன். என் மாணவியின் ஊர் அது.

மாலையில் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேட்டை அடைந்தேன். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, உரோம நாட்டு மட்கலங்களின் துணையால் தென்னாட்டுத் தொல்லியலுக்குக் கால வரையறை கண்ட மேடு இது. கிரேக்கக் கடற்பயண நூலான 'பெரிப்ளூசு' குறிக்கும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் இங்கே கிடைத்துள்ளன. மர்த்தேன் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, தம் பானையில் பெயர் எழுதி வைத்தவர்கள் வாழ்ந்த கரை இது.

"நாங்கள் இருந்த ஊர் எது?" என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது. ஊர் திரும்பியதும் அம்மாணவிக்கு மடல் எழுதினேன். "உன் ஊர் பானை ஓட்டில் இருக்கிறது, துபாசியின் ஏட்டில் இருக்கிறது, பாவலர் நடந்த தெருவில் இருக்கிறது. மீதி இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. அதை நீ எழுது" என்றேன். அவள் தன் பாட்டியிடம் கேட்டறிந்த முத்தியால்பேட்டைச் செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருப்பதாக விடை வந்தது.

நம் வட்டம் பத்தாண்டு நிறைந்திருக்கிறது. திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தோம், திறனாய்ந்தோம், மகிழ்ந்தோம். இனி வரும் ஆண்டுகளில் பாவலர் ஒவ்வொருவரும் தம் தெருவை ஒருமுறை மெல்ல நடந்து பார்க்க வேண்டும் என விழைகிறேன். திண்ணை ஒன்று இடிவதற்கு முன் அதில் அமர்ந்தவர் பெயரை எழுதி வைப்போம். பானை ஓட்டில் எழுதியவர் செய்ததும் அதுவே. பிள்ளை செய்ததும் அதுவே. வட்டம் வாழ்க! வளர்க அதன் எழுத்து!