பள்ளிக்குள் வந்த இயன்முறை மருத்துவர்

பள்ளிக்கூடம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் ஆசிரியரும் மாணவரும் ஆவர். அடுத்தபடியாக எழுத்தர், காவற்காரர், மதிய உணவு சமைப்பவர் ஆகியோரைச் சொல்வோம். பிசியோதெரபிஸ்ட் என்று வழங்கப்படும் இயன்முறை மருத்துவரும் பள்ளிப் பணியாளருள் ஒருவராக இருக்கக்கூடும் என்று நாம் எண்ணுவதில்லை. அவருக்குரிய இடம் மருத்துவமனை என்பதே நம் கருத்து. அமெரிக்க நாட்டிலும் நெடுங்காலம் அக்கருத்தே நிலவியது. அது மாறிய வரலாற்றைச் சொல்வதற்குமுன் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1987-ஆம் ஆண்டு நான் ஓர் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியனாக இருந்தேன். மாணவர் சேர்க்கை நடந்த ஒரு நாளில், தந்தை ஒருவர் தம் மகளைத் தோளில் சுமந்து வந்தார். இளம்பிள்ளை வாதத்தால் அச்சிறுமியின் இரு கால்களும் சூம்பியிருந்தன. பள்ளி வாயிலிலோ மூன்று கற்படிகள். "பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், கால் சரியானதும் அழைத்து வாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம்" என்றேன். கனிவாகப் பேசியதாகவே அன்று நினைத்துக்கொண்டேன். அவர், "சரிங்க ஐயா" என்று கூறி, வந்த வழியே திரும்பினார். அந்தக் கால்கள் சரியாகமாட்டா என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உடல் சரியாகட்டும், பிறகு படிப்பு என்னும் இவ்வெண்ணம் எனக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1893-ஆம் ஆண்டு, எலும்பு மருத்துவர் இருவரின் முயற்சியால், உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கெனப் பகற்பள்ளி ஒன்று தோன்றியது. பின்னர்ப் பிற நகரங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. 1916-ஆம் ஆண்டு இளம்பிள்ளை வாதம் அந்நாட்டில் பெருங்கொள்ளை நோயாகப் பரவியது. 27,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். பிழைத்த பிள்ளைகளுள் பலர் நடக்க இயலாதவராயினர்.

அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயமுற்ற வீரர்களுக்கு உடற்பயிற்சியாலும் உருவுதலாலும் வலிமையூட்டப் பெண்கள் பலர் பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்களுள் தலைசிறந்தவர் மேரி மக்மில்லன் என்னும் அம்மையார். 1921-ஆம் ஆண்டு இத்தொழிலுக்கு அந்நாட்டில் ஒரு சங்கம் அமைந்தபோது, அதன் முதல் தலைவரும் அவரே. போர் முடிந்தபின் இப்பெண்களிற் பலர் இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளுக்குப் பணிபுரியலாயினர். இவ்வாறுதான் இயன்முறை மருத்துவர் பள்ளிக்குள் நுழைந்தார்.

ஆனால் அவர் நுழைந்தது தனிப்பள்ளிகளில் மட்டுமே. அங்கே அவருக்கென ஓர் அறை இருந்தது. அதில் மேசையும், பிடித்து நடக்க இணைகம்பிகளும் இருந்தன. குழந்தையை வகுப்பிலிருந்து அழைத்துச் சென்று பயிற்சியளித்து, மீண்டும் கொண்டுவந்து விடுவார்கள். தொண்டு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளியில் இப்பிள்ளைக்கு இடமில்லை. தனிப்பள்ளி இல்லாத ஊரிலோ வீடே கதி.

1952-ஆம் ஆண்டு அந்நாட்டில் ஏறத்தாழ 58,000 பேர் இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளாயினர். 1955-இல் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வந்தபின் அந்நோய் விரைந்து தணிந்தது. எனினும் மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்குத் தடுப்பூசி இல்லை. முழுமையாகக் குணமாக்க முடியாத பிள்ளைகள் என்றும் இருப்பார்கள். அவர்கள் குணமாகும்வரை பள்ளி காத்திருப்பதென்றால், கதவு என்றுமே திறவாது.

ஜூடித் ஹியூமன் என்பவரின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1947-இல் பிறந்த அவருக்கு ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டது. ஐந்து வயதில் நியூயார்க்கில் தாயார் அவரைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை தீ விபத்து நேர்ந்தால் இடையூறாகும் என்று சேர்க்க மறுத்தனர். அவர் வளர்ந்து ஆசிரியராக விரும்பியபோதும் அதே காரணத்தைக் கூறி உரிமம் மறுத்தனர். 1970-இல் அவர் வழக்குத் தொடுத்து ஆசிரியரானார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கு உலகெங்கும் குரல் கொடுத்த அவர் 2023-ஆம் ஆண்டு மறைந்தார்.

1972-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் ஒரு வழக்கு முடிவுற்றது. பணம் போதவில்லை என்பதற்காகக் குறையுள்ள பிள்ளைகளை மட்டும் வெளியே நிறுத்தலாகாது. பற்றாக்குறையை எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். மூன்றாண்டுகள் கழித்து, 1975-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஜெரால்டு போர்டு ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அப்போது பத்து இலட்சம் பிள்ளைகள் பொதுப்பள்ளிகளிலிருந்து அறவே விலக்கப்பட்டிருந்தனர் என்று அச்சட்டமே குறித்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமின்றித் தக்க கல்வி அளித்தல், இயன்றவரை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே பயிற்றல், ஒவ்வொருவருக்கும் தனிக் கல்வித் திட்டம் வகுத்தல் ஆகியவை அதன் விதிகள்.

அச்சட்டம் இயன்முறை மருத்துவத்தையும் பெயர் சுட்டிச் சேர்த்தது. பிள்ளை கல்வியின் பயனைப் பெறுவதற்கு அது வேண்டியதாயின், பள்ளியே அதனை அளிக்க வேண்டும். இதனால் மருத்துவரின் பணியே திசை மாறியது. மருத்துவமனையில் இருப்பவர், இம்முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார். பள்ளியில் இருப்பவரோ, இப்பிள்ளை மணி அடித்ததும் அடுத்த வகுப்புக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று பார்ப்பார். அவர் நாற்காலியின் உயரத்தை அளப்பார். பாதம் தரையில் ஊன்றி, முதுகு நிமிர்ந்தால்தான் கை எழுதும். கண் கரும்பலகையை நோக்கும். பேருந்தில் ஏறுவது, உணவுத் தட்டை ஏந்திச் செல்வது, கழிவறையில் இருக்கை மாறுவது ஆகியவற்றைப் பழக்குவார். பிள்ளையை எவ்வாறு தூக்க வேண்டும் என்று ஆசிரியருக்கும் உதவியாளருக்கும் கற்பிப்பார். தீ விபத்தில் யார் எவ்வழியே வெளியே கொண்டுவருவது என்று முன்கூட்டியே திட்டமிட உதவுவார். ஒரு காலத்தில் கதவடைக்கக் காரணமாகச் சொல்லப்பட்ட தீ, இப்போது திட்டமிட வேண்டிய பணிகளுள் ஒன்றாயிற்று!

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கூடுதற் செலவுக்காக நாட்டின் சராசரி மாணவச் செலவில் 40 விழுக்காடு வரை நடுவண் அரசு அளிக்கும் என்று வகுத்தார்கள். அவ்வளவு தொகை ஓராண்டேனும் வந்ததில்லை. ஒரே மருத்துவர் பல பள்ளிகளுக்கு ஓடவேண்டிய நிலையும் உண்டு. இப்பயிற்சி கல்விக்கு வேண்டியதா, உடல்நலத்துக்கு மட்டும் வேண்டியதா என்று பெற்றோரும் பள்ளியும் வழக்காடுவதும் உண்டு. எனினும் பிள்ளையை வாயிலில் நிறுத்திவிட்டு வழக்காடிய காலம் போயிற்று.

நம் நாடு 2014-இல் இளம்பிள்ளை வாதம் அற்ற நாடாயிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நம் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமையை அளித்துள்ளது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் வட்டார வள மையங்களில் இயன்முறைப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அப்பயிற்சியாளர் மையத்தோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்கும் வந்து, பெஞ்சின் உயரத்தையும் வாயிற்படியையும் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர்கள் அவரை விரும்பி அழைக்க வேண்டும்.

1987-இல் எங்கள் பள்ளிக்கு அப்படி ஒருவர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? படிகளின்மேல் ஒரு சாய்தளம், காலுக்கு ஏற்ற ஓர் இருக்கை, தூக்கிவிட இரண்டு கைகள் போதும் என்றிருப்பார். ஒரு கொத்தனாரும் ஒரு தச்சரும் ஒரே நாளில் முடித்திருக்கக்கூடிய வேலை அது. அச்சிறுமி இப்போது நாற்பது வயதைக் கடந்திருப்பார். எழுதப் படிக்கக் கற்றாரா என்பது எனக்குத் தெரியாது. ஆசிரியப் பணியிலுள்ள இளைஞர்கள் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: நாளை ஒரு பிள்ளை உங்கள் வாயிலுக்கு அவ்வாறு வந்தால், கால் சரியாகட்டும் என்று சொல்லாதீர்கள், படியைச் சரிசெய்யுங்கள்.