சத்தம் போடும் கீபோர்டும் சுகம் தேடும் விரல்களும்

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கக் கிளம்பும் மாணவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் முதலில் கேட்கும் கேள்வி "ப்ளூவா, ரெட்டா, பிரவுனா?" என்பதுதான். கேம் ஆடவும் வேண்டும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கவும் வேண்டும், விரலும் வலிக்கக் கூடாது. நியாயமான ஆசைதான்! ஆனால் தமிழ் அடிக்கும் விரலின் சுகத்துக்கு என்று தனியாக ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் ஸ்விட்ச்சின் நிறம் இரண்டாவது கேள்விதான் என்பது புரியும். முதல் கேள்வி, எந்த எழுத்து எந்த விரலுக்கு அடியில் இருக்கிறது என்பது. அதை முடிவு செய்தது யார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆரம்பம் அமெரிக்காவில்

கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்ற அமெரிக்கர் தன் கூட்டாளிகளோடு தட்டச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1868. ரெமிங்டன் கம்பெனி அதை 1874-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்று எல்லா கீபோர்டிலும் இருக்கும் 'குவர்ட்டி' வரிசை அங்கிருந்து வந்ததுதான். அடுத்தடுத்து அடிக்கும்போது கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கொள்ளாமல் இருக்க அப்படி அமைத்தார்கள் என்பது பரவலான கதை. இல்லை, தந்தி வாங்கி எழுதியவர்களின் வசதிக்காகத்தான் அது மாறி மாறி அந்த வடிவத்துக்கு வந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எது உண்மையானாலும் விரல் வலிக்குமா என்பது அன்றைக்குப் பெரிய கவலையாக இருந்ததாகத் தெரியவில்லை!

1878-ல் வந்த ரெமிங்டன் 2-ஆம் மாடலில் ஷிஃப்ட் வந்தது. ஒரே விசையில் இரண்டு எழுத்து. ஆங்கிலத்துக்கு இது வசதி. தமிழுக்கோ இது இல்லாமல் முடியவே முடியாது.

247 எழுத்தும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரும்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக மொத்தம் 247. தட்டச்சு இயந்திரத்தில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். ஷிஃப்ட் போட்டாலும் தொண்ணூற்றுச் சொச்சம் இடம்தான். இந்தக் கணக்கை நேராக்கியவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-ல் மலாயாவுக்குப் போய், பிறகு சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை பார்த்தவர். ஆங்கிலத்தில் இவ்வளவு வேகமாக அடிக்க முடிகிறதே, தமிழில் ஏன் முடியாது என்று யோசித்து, 1930-களில் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கினார். அதைத் தயாரித்துத் தந்தது ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமான் கம்பெனி.

அவர் கையாண்ட வழிகளில் முக்கியமானது 'நகரா விசை'. சாதாரண விசையை அடித்தால் காகிதம் ஒரு இடம் நகரும். நகரா விசையை அடித்தால் குறி மட்டும் பதியும், காகிதம் அப்படியே நிற்கும். அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். 'கி' என்பதற்கும் 'மி' என்பதற்கும் தனித்தனி விசை தேவையில்லாமல் போனது இப்படித்தான்.

ஆனால் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். இயந்திரத்துக்குத் தெரிந்தது எழுத்தின் உருவம் மட்டுமே. அதன் ஒலி தெரியாது. 'கொ' அடிக்க வேண்டுமா? முதலில் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். மூன்று தட்டு. வாய் சொல்லும் வரிசை வேறு, விரல் அடிக்கும் வரிசை வேறு. இந்த முரண்பாட்டைப் பயிற்சியால்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

இன்ஸ்டிடியூட் காலம்

1956-ல் தமிழ்நாட்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அரசு அலுவலகங்களுக்குத் தமிழ் தட்டச்சர்கள் தேவைப்பட்டார்கள். 1955-ல் கோத்ரெஜ் இந்தியாவிலேயே தட்டச்சு இயந்திரம் தயாரிக்க ஆரம்பித்திருந்தது. சென்னை பெருங்குடியில் ஃபாசிட் தொழிற்சாலை இருந்தது. இயந்திரம் உண்டு, வேலை உண்டு, நடுவில் ஒரு பரீட்சையும் உண்டு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் என்றால் 45.

வட சென்னைக்கு இது என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். துறைமுகம், மில், எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகள் என்று உடல் உழைப்பை நம்பி வாழ்ந்த பகுதி. பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது போல, ஒரு கதவு சாத்தினால் பல வீடுகளில் அடுப்பு அணையும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, உட்கார்ந்து பார்க்கும் அரசு வேலைக்கு இருந்த நேர்வழிகளில் ஒன்று "டைப்ரைட்டிங் ஹையர்". கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகளை இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிடுவது வழக்கமானதற்குக் காரணம் இதுதான். அங்கே முதல் பாடம் "யளனக". மனப்பாடம் விரலுக்கு!

அந்த அமைப்பில் ஒரு பெரிய குறை உண்டு. தமிழில் அடிக்கடி வருவது புள்ளி. ஒரு வரி எழுதிப் பாருங்கள், பத்துப் புள்ளியாவது விழும். அந்தப் புள்ளி இருந்தது வலது கை சுண்டுவிரலுக்கு அடியில். அதாவது அதிக வேலை, பலம் குறைந்த விரலுக்கு. கம்ப்யூட்டர் போல லேசாகத் தொட்டால் போதாது, இரும்புக் கம்பி எழும்பும் அளவுக்கு அடித்தால்தான் மையே பதியும். ஆனாலும் லட்சக்கணக்கான கைகள் அதற்குப் பழகின. ஏனென்றால் பரீட்சை அதில்தான், சம்பளம் அதில்தான்.

1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையானபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் மாறின. எழுத்தின் உருவங்கள் குறைந்ததால் அச்சுக்கும் தட்டச்சுக்கும் சுமை குறைந்தது. சுண்டுவிரல் புள்ளி மட்டும் அங்கேயே இருந்தது.

டிவிஎஸ் கோல்டு என்கிற குமாஸ்தா கீபோர்டு

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1985-ல் ஐபிஎம் கம்பெனி வெளியிட்ட 'மாடல் எம்' கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங். அழுத்தினால் அது சட்டென்று மடிந்து 'டக்' என்று சத்தம் போடும். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கைகளுக்கு அது பழகிய சுகம். கம்ப்யூட்டர் விலை இறங்க இறங்க இந்த ஸ்பிரிங்குகள் போய், ரப்பர் குமிழ் வைத்த மெம்ப்ரேன் கீபோர்டுகள் வந்தன. விலை மலிவு. ஆனால் விசையை அடிவரைக்கும் அமுக்க வேண்டும், சீக்கிரமே தொளதொளத்தும் போகும்.

இந்த இடத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் வருகிறது. அவர்களுடைய 'டிவிஎஸ் கோல்டு' கீபோர்டுக்குள் ஜெர்மனியின் செர்ரி எம்எக்ஸ் ப்ளூ ஸ்விட்ச் இருந்தது. செர்ரி தன் எம்எக்ஸ் ஸ்விட்ச்சுகளை அறிமுகப்படுத்தியது 1980-களில். ஒரு விசை 5 கோடி தட்டுக்குத் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. டிடிபி சென்டர், வக்கீல் குமாஸ்தா மேஜை, பில்லிங் கவுன்ட்டர் என்று நாள் முழுக்க அடிக்கிற இடங்களில் எல்லாம் இந்தக் கீபோர்டின் 'டக் டக்' கேட்டது. 2010-ல், அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்த டி. உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறி ஏற்கப்பட்டதும், அந்தக் குறியோடு 'கோல்டு பாரத்' வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டில் கேமர்கள் மெக்கானிக்கல் கீபோர்டைத் தேடித் தேடி அதிக விலைக்கு வாங்கிக் கொண்டிருந்தபோது, இங்கே அது கவுன்ட்டரில் டீக்கறை படிந்து கிடந்தது! விஷயம் தெரிந்த இந்திய கேமர்கள் பலருக்கு முதல் மெக்கானிக்கல் கீபோர்டு இந்த டிவிஎஸ் கோல்டுதான். 2014-வாக்கில் செர்ரியின் காப்புரிமை முடிந்ததும் சீனக் கம்பெனிகள் அதே மாதிரி ஸ்விட்ச்சுகளைச் செய்ய ஆரம்பித்தன. விலை இறங்கியது. கலர் கலராக லைட்டும் வந்தது.

தமிழ்99 : விரலைக் கேட்டுச் செய்த அமைப்பு

ஸ்பிரிங் மாறியது. எழுத்து அமைப்பு? அங்கேதான் கூத்து. 1990-களில் தமிழ் மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விசையமைப்பும் வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் அடித்தது இன்னோரிடத்தில் திறந்தால் கோழிக் கிறுக்கல். 1997-ல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் முதல் தமிழ்நெட் மாநாடு நடந்தது. அடுத்தது 1999 பிப்ரவரியில் சென்னையில். அதன் விளைவாக அதே ஆண்டு ஜூனில் கலைஞர் ஆட்சியில் அரசு ஏற்ற விசைப்பலகைதான் தமிழ்99.

இதில் உயிர் எழுத்துகள் இடது கையில். மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கையில். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். அதிகம் வரும் க, ப, ம, த, ந, ய எல்லாம் நடு வரிசையிலேயே இருக்கின்றன. புள்ளி இப்போது இடது கை ஆள்காட்டி விரலில். அதையும் பல நேரம் அடிக்கவே வேண்டாம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பிறகு க, ந-வுக்குப் பிறகு த, ம-வுக்குப் பிறகு ப வந்தாலும் அப்படியே.

'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. 'கொடுங்கையூர்' என்று அடித்துப் பாருங்கள். க, ஒ, ட, உ, ங, க, ஐ, ய, ஊ, ர, கடைசியில் புள்ளி. மொத்தம் 11 தட்டு, ஷிஃப்ட் ஒரு முறைகூட இல்லை. அதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் 13 தட்டு ஆகும். ஒரு சொல்லுக்கு 2 தட்டு பெரிதில்லை. ஒரு நாளைக்கு, ஒரு வேலைக்காலத்துக்கு என்று பெருக்கினால் பெரிதுதான்.

நல்ல சரக்கு ஏன் விற்கவில்லை?

இவ்வளவு இருந்தும் தமிழ்99 எல்லோர் கைக்கும் போகவில்லை. இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விளக்கம் உண்டு. 1985-ல் பால் டேவிட் என்ற பொருளாதார அறிஞர் குவர்ட்டியை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். ஆரம்பத்தில் எந்தப் பாதையில் போனோமோ அதிலேயே மாட்டிக் கொள்கிறோம், பயிற்சி பெற்றவர்களும் இயந்திரங்களும் ஒன்றையொன்று பிடித்துக் கொள்வதால் பிறகு நல்லது வந்தாலும் மாற முடியாது என்பது அவர் வாதம். 1936-ல் காப்புரிமை பெற்ற ட்வோராக் அமைப்பு தோற்றதை அவர் உதாரணம் காட்டினார். 1990-ல் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் இருவரும் இதை மறுத்தார்கள். ட்வோராக் அப்படியொன்றும் உயர்வில்லை, அமெரிக்க அரசுக்காக 1956-ல் செய்த சோதனையில் மறுபயிற்சிச் செலவுக்குத் தக்க பலன் கிடைக்கவில்லை என்றார்கள்.

தமிழ் விஷயத்தில் இரண்டு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. அரசு ஒரு பக்கம் தமிழ்99-ஐ ஏற்றது. இன்னொரு பக்கம் வேலைக்கான தட்டச்சுத் தேர்வு பழைய இயந்திரத்திலேயே தொடர்ந்தது. 2009-ல் கோத்ரெஜ் தட்டச்சு இயந்திரத் தயாரிப்பை நிறுத்திய பிறகும் தொடர்ந்தது. சம்பளம் தரும் விரல் பழக்கத்தை விட்டுவிட்டு யார் புதிதாகக் கற்பார்கள்? அடுத்த தலைமுறை இன்ஸ்டிடியூட் பக்கமே போகவில்லை. அவர்களுக்கு இ-கலப்பை, அழகி போன்ற மென்பொருள்கள் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வரும் வசதியைத் தந்தன. கற்கும் செலவு பூஜ்யம். அதனால் ஜெயித்தது. ஆனால் அந்த சுகம் முதல் நாளுக்கான சுகம். தமிழில் நினைத்து, ஆங்கிலமாக மாற்றி, மறுபடி தமிழாகப் பார்க்கும் வேலை மட்டும் கடைசி நாள் வரைக்கும் கூடவே வருகிறது.

சரி, எதை வாங்கலாம்?

கேம் அதிகம் என்றால் ரெட் மாதிரி தடையில்லாத ஸ்விட்ச் நல்லது. சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். ப்ளூவில் விசை மறுபடி தயாராவதற்கு, பதிந்த இடத்தைத் தாண்டி மேலே வர வேண்டும். அதனால் ஒரே விசையை வேகமாக மாற்றி மாற்றித் தட்டுவது கொஞ்சம் சிரமம். எழுத்து வேலை அதிகம் என்றால் ப்ளூ சுகம். விசை பதிந்ததை விரலும் காதும் உடனே அறியும், அடிவரைக்கும் அமுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே அறையில் நான்கு பேர் தூங்கும் வீட்டில் இரவு ஒரு மணிக்கு ப்ளூ அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை! இரண்டும் வேண்டும், சத்தமும் கூடாது என்பவர்களுக்கு பிரவுன். எதுவானாலும் மணிக்கட்டு மடங்காத உயரத்தில் மேஜை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த நிறமும் உதவாது.

இவ்வளவுக்கும் காசு வேண்டும். தமிழ்99-க்கு வேண்டாம். இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் அது ஏற்கனவே இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் பழகினால் சில வாரங்களில் கை தானாகப் போகும். தமிழில் நிறைய எழுதுகிறவருக்கு இருநூறு ரூபாய் மெம்ப்ரேன் கீபோர்டில் தமிழ்99 தரும் சுகத்தை, ஐயாயிரம் ரூபாய் கீபோர்டில் ஆங்கில எழுத்து வழியாக அடிப்பது தராது.

முத்தையா காலத்தில் இரும்பு எவ்வளவு இடம் தந்ததோ அதற்குள் தமிழை அடக்க வேண்டியிருந்தது. இன்று இரும்பு இல்லை, அந்தக் கட்டாயமும் இல்லை. மிச்சமிருப்பது பழக்கம் மட்டும்தான்.