வெயிலும் ஒரு மருந்துதான்: கார்போக அரிசியில் இருந்து லேசர் வரை

திருச்சுழி பக்கம் மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. குண்டாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கரிசல் காட்டில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு ஒரு பாடம் யாரும் சொல்லித் தராமலே தெரியும். கறுப்பு மண் சுடுகிற அளவுக்கு வெளிர் மண் சுடாது. கறுப்பு ஒளியைக் குடிக்கும், குடித்த ஒளி சூடாக மாறும். அவ்வளவுதான்.

முகத்தில் விழுந்த மங்கையும், கன்னத்திலும் காலிலும் சிலந்திவலை மாதிரித் தெரிகிற மெல்லிய ரத்தக்குழாய்களையும் ஒளியடித்து மறைக்கிறோம் என்று போர்டு வைத்திருக்கும் லேசர் கிளினிக்குகளின் அடிப்படை விஞ்ஞானமும் இந்தக் கரிசல் மண் பாடம்தான். இந்த வைத்தியத்தின் வம்சாவளியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், அமெரிக்கா, எகிப்து எல்லாம் சுற்றிவிட்டு நம்மூர் நாட்டு மருந்துக் கடை வாசலில் வந்து நிற்கிறது. கதை கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்...

கார்போக அரிசி தெரியும்தானே? குளியல் பொடி அரைக்கும்போது பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சளோடு சேர்ப்பார்களே, அந்தக் கறுப்பு விதை. அரிசி என்று பெயர்தானே தவிர அரிசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வடக்கே பாகுசி என்பார்கள். வெண்புள்ளி வந்த தோலில் இதை அரைத்துப் பூசி வெயிலில் உட்காரச் சொல்வது ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் மிகப் பழைய வழக்கம். (வெண்புள்ளியை முன்பு வெண்குஷ்டம் என்றார்கள். தொழுநோய்க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பெயரால் எத்தனை கல்யாணம் நின்றதோ!) எகிப்திலும் இதே கதை. நைல் நதிக்கரையில் முளைக்கும் வேறொரு செடியின் விதை, அதே வெயில், அதே வெண்புள்ளி.

விதைக்குள் என்ன இருக்கிறது என்பதை 1933ல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்ற மூன்று இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அந்தச் சரக்கின் பெயர் சோராலென். தோலில் அது இருக்கும்போது வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டால் பல மடங்கு வேலை செய்யும். அளவாக இருந்தால் நிறம் திரும்பும், அளவு மீறினால் கொப்பளம். 1940களின் கடைசியில் கெய்ரோவில் எல் மோஃப்டி என்ற மருத்துவர், எகிப்து விதையில் கிடைத்த இதே குடும்பத்து மருந்தை வெண்புள்ளிக்கு முறையாகக் கொடுத்துப் பார்த்தார்.

பிறகு அமெரிக்கா. 1974ல் ஹார்வர்டு மருத்துவர்கள் அந்த எகிப்து மருந்தை மாத்திரையாகக் கொடுத்து, வெயிலுக்குப் பதில் விளக்கு வைத்து, சொரியாசிஸ் நோயாளிகளுக்கு வைத்தியம் செய்ததை வெளியிட்டார்கள். 'பூவா' என்று அதற்குப் பெயர். எழுதியவர்களில் ஜான் பாரிஷ், தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் இருவரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மது பதக் என்ற இந்திய விஞ்ஞானியும் அந்தப் பட்டியலில் உண்டு.

விளக்கு வந்ததும் ஒரு சிக்கலும் வந்தது. யாருக்கு எவ்வளவு ஒளி கொடுப்பது? இதற்காக 1975ல் ஃபிட்ஸ்பாட்ரிக் ஒரு கணக்குப் போட்டார். வெயிலில் நின்றால் தோல் சிவந்து எரிகிறதா, கறுக்கிறதா என்று கேட்டு, தோலை வகை பிரித்தார். முதலில் பிரித்தது வெள்ளைத் தோலை, அதுவும் நான்கு வகையாக! பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. உலகத்தில் பாதிக்கு மேற்பட்ட மனிதர்களுக்கு வாலில்தான் இடம்.

வேடிக்கையான ஒற்றுமை ஒன்று. அதே 1975ல்தான் இங்கே இந்துஸ்தான் லீவர் கம்பெனி ஃபேர் அண்ட் லவ்லியை விற்க ஆரம்பித்தது. (2020ல் பெயரிலிருந்து ஃபேர் போய் க்ளோ வந்தது.)

சரி, லேசருக்கு வருவோம். 1960 மே 16ல் கலிஃபோர்னியாவில் தியோடர் மைமான் முதல் லேசரை எரியவிட்டார். ஒரு ரூபிக் கம்பி, அதைச் சுற்றி கேமரா ஃப்ளாஷ் மாதிரி ஒரு விளக்கு. மூன்றே வருஷத்தில், 1963ல், சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மேன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் அடித்துப் பார்த்துவிட்டார். நிறம் உள்ள இடம் மட்டும் அதிகமாக வெந்தது. நம் கரிசல் பாடம்! 1970களில் ஆர்கான் லேசர் கொண்டு பிறவியிலேயே வரும் சிவப்பு மச்சங்களை அழித்தார்கள். மச்சம் போனது, பல பேருக்குத் தழும்பு வந்தது.

தழும்பு ஏன் வருகிறது என்பதற்கு விடை 1983ல் கிடைத்தது. சொன்னவர்கள் ராக்ஸ் ஆண்டர்சனும், பூவா வைத்தியத்தில் பார்த்தோமே, அதே ஜான் பாரிஷும். அவர்கள் சொன்னதைச் சமையலறையில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். கடுகு வெடித்த உடனே அடுப்பை அணைத்தால் வாணலியின் கைப்பிடி சுடாது. அணைக்காமல் விட்டால் சூடு பரவிக் கையைச் சுடும். அதுபோல, எதை அழிக்க வேண்டுமோ அது குடிக்கும் நிறத்தில் ஒளியைத் தேர்ந்தெடுத்து, சூடு பக்கத்துத் தோலுக்குப் பரவும் முன் நிறுத்திவிட வேண்டும். மெல்லிய ரத்தக்குழாய்க்கு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு நேரம். நிறத் துகளுக்கு அதைவிட மிக மிகக் குறைவு. அதன்பிறகு வந்த தோல் லேசர்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கின் பிள்ளைகள்தான்.

1990களில் இஸ்ரேல் கம்பெனி ஒன்று இன்னும் மலிவாக யோசித்தது. ரூபியை எடுத்துவிட்டு ஃப்ளாஷை மட்டும் வைத்தால் என்ன? அதுதான் ஐ.பி.எல். (கிரிக்கெட் இல்லை!). இது லேசரே கிடையாது. பல நிற ஒளியை வடிகட்டி வைத்து விடும் பலமான ஃப்ளாஷ். 1995ல் அமெரிக்காவில் கால் ரத்தக்குழாய்களுக்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் மங்கு, முடி, சுருக்கம் என்று ஒரே பெட்டி பல வேலை செய்ய, வியாபாரம் பிடித்துக்கொண்டது. ஒரு முதலீடு, நாலு வருமானம். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே என்றால், ஒளிக்கு ஆள் தெரியாது. நிறம்தான் தெரியும். வெள்ளைத் தோலில் உள்ள சிவப்புக் குழாயைத் தேடிப் போகிற ஒளி, நம் தோலில் நுழைந்ததும் முதலில் சந்திப்பது மேல்தோலின் கறுப்பு நிறத்தைத்தான். அங்கேயே பாதி சூடாகிவிடும். கொஞ்சம் அளவு தப்பினாலும் கொப்பளம், பிறகு கரும்படை, சில சமயம் வெள்ளைத் திட்டு. மெஷின் முனையின் நீள்சதுரம் அப்படியே கன்னத்தில் அச்சாகிவிடுவதும் உண்டு. மங்கு போக வந்தவருக்கு மங்கு கூடிப் போவதும் நடக்கிறது. அதனால்தான் 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசரைக் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது என்கிறார்கள். மெலனின் அந்த ஒளியைக் குறைவாகத்தான் குடிக்கும். இந்தியத் தோல் மருத்துவர் சங்கமும் 2008, 2009ல் நம் தோலுக்கென்று லேசர் வழிமுறைகளை வெளியிட்டது. ஆனால் வழிமுறை டாக்டர்களுக்குத்தான், மெஷின் வாங்கக் காசு மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கிற பியூட்டி பார்லர்களுக்கு?

கிராமத்துப் பக்கம் இதைவிடப் பெரிய வேடிக்கை. முகம் வெளுக்க மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சில ட்யூப்களில் ஸ்டீராய்டு இருக்கும். முதல் வாரம் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் சிவப்பு வலையாக வெளியே தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் எரிச்சல், அதனால் மறுபடியும் அதே ட்யூப். 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. சிறிய ட்யூப் உண்டாக்கிய வலையை அழிக்க, ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் வாங்கும் ஒளி வைத்தியம்!

நல்ல டாக்டர் என்றால் முதலில் காதோரம் சின்ன இடத்தில் அடித்துப் பார்ப்பார், பொறுத்திருந்து, தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு வருவார். கையில் ஒரு சீட்டும் கொடுப்பார். வைத்தியத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் வெயிலில் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறித் திருச்சுழியில் இறங்கி, மறுநாள் காலை மிளகாய்க் காட்டுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிற அக்காவுக்கு அந்தச் சில வாரங்களை யார் கொடுப்பார்கள் என்பது மட்டும் சீட்டில் இருக்காது.